ரன்வெல்லவின் ஒரே அச்சுறுத்தல்

நாடு மீண்டுகொண்டிருக்கிறது என்ற செய்தி எங்கள் ரன்வெல்லக் கடற்கரைக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பதின்மூன்று நிமிடத்துக்கு வந்து சேர்ந்தது. முன்னமே வந்திருக்கலாம். ஆனால் சுபநேரம் அதுதான் என்று கொழும்பிலிருந்து அறிவித்திருந்தார்கள். அதனால் செய்தியைக் கொண்டுவந்த ஜீப்பும் அதில் இருந்த பணிப்பாளர் நாயகமும் சந்தி முனையில் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு வந்தார்கள். அவர்களை வரவேற்க வெயிலில் நாங்கள் வெற்றிலைக் கட்டோடு நின்றோம்.

பழைய மீன் ஐஸ் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, 'மீட்சிப் பாதுகாப்பு அதிகாரசபை, ரன்வெல்லப் பிரிவு' என்று மூன்று மொழியிலும் பலகை மாட்டியிருந்தார்கள். நான் இருபத்தேழு வருடத்துக்கு முன் வவுனியாவிலிருந்து மாற்றலாகி இந்த ஊர்த் தபாலகத்துக்கு வந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஊருக்கெல்லாம் நான் போஸ்ட் மாத்தயா; சிங்களத்தில் ஐயாவுக்கு மாத்தயா, அம்மாவுக்கு நோனா. அரசாங்கத்துக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால் சனங்கள் என் வாசலுக்குத்தான் வருவார்கள். என் கையெழுத்து அழகு, வாய் கொஞ்சம் மோசம். பலகையில் தமிழ் வரி மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்து வாய் திறக்கப்போனேன். பக்கத்தில் நின்ற பியசீலி என் முழங்கையை இடித்தாள்.

"சும்மா இருங்க போஸ்ட் மாத்தயா. நல்ல காரியம் நடக்குற நேரம்."

பணிப்பாளர் நாயகம் அமரதுங்க குத்துவிளக்கில் முதல் திரியை ஏற்றினார். கடல் காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. நான்காவது தடவை இரண்டு உத்தியோகத்தர்கள் கோட்டைக் கழற்றி மறைப்புப் பிடித்தார்கள். பிறகு அவர் பேசினார்.

"அன்பார்ந்த மக்களே! நமது நாடு கடனில் விழுந்தது. இப்போது எழுகிறது. விழுந்ததற்கு யார் காரணம் என்று விசாரித்தோம். விசாரித்தவர்களும் நாங்கள்தான், விசாரிக்கப்பட்டவர்களும் நாங்கள்தான். அதனால் விசாரணை மிகவும் சுமுகமாக நடந்தது. உள்ளே யாரும் குற்றவாளி இல்லை என்பது ஐயமின்றி நிரூபணமாகிவிட்டது. ஆகவே இனி எந்த ஆபத்து வந்தாலும் அது வெளியிலிருந்துதான் வர வேண்டும். வேறு வழியே இல்லை. எண்ணெய் விலை, அயல் யுத்தம், பிற நாட்டுப் பத்திரிகை, பிற நாட்டு வானிலை, எல்லாம் வெளியே இருக்கிறது. நீங்கள் கடலைப் பாருங்கள். உங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

எல்லோரும் கைதட்டினோம். கடைசி வசனம் எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்டது. அது வெயிலில் நின்றதால் என்று நினைத்துக்கொண்டேன்.

பியசீலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரை ஓரத்தில் நான்கு அறை வைத்த சின்ன விடுதி அவளுடையது. பெயர் 'லயனல் இன்'. லயனல் அவள் புருஷன். அந்தப் பெயர்ப் பலகையை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பதினொரு வருடமாக வளைகுடாவில் ஒரு பேக்கரி லொறி ஓட்டுகிறார். ஒவ்வொரு அறையும் அவர் ஓட்டிய பாண் லொறியால் எழுந்தது. இந்தச் சுற்றுலாப் பருவம் நான்கு அறையும் நிரம்பினால் அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். புருஷன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. ஒரு சட்டைக்குக்கூட ஆசைப்பட்டதில்லை, பாவி.

மார்கழியில் நான்கு அறையும் நிரம்பின. அதைப் பார்த்துவிட்டு அதிகாரசபை உடனே நடவடிக்கை எடுத்தது.

சந்திரதாச என்ற களக் கண்காணிப்பு உத்தியோகத்தர் இரண்டு உதவியாளர்களோடும் மூன்று தொலைநோக்கிகளோடும் வந்து, கடலைப் பார்த்த பெரிய அறையைக் கேட்டார். ஐம்பது வயது, நல்ல சாப்பாட்டுக்காரர், முகத்தில் எப்போதும் ஒரு துக்கம்.

"நோனா, அடிவானம் தெரியுற அறை இது ஒண்டு தான். அச்சுறுத்தல் வந்தா முதல்ல இங்க இருந்து தான் தெரியும்."

"மாத்தயா, அதுல வெள்ளைக்காரக் குடும்பம் இருக்கு. மூணு கிழமைக்கு வந்திருக்கிறாங்க."

"அவங்க எங்க இருந்து வந்தாங்க?"

"வெளிநாட்டுல இருந்து."

"அப்ப பாருங்க," என்றார் சந்திரதாச, மிகவும் வருத்தத்தோடு.

அந்தக் குடும்பம் மாத்தறைப் பக்கம் போய்விட்டது. தேசியக் கடமை என்பதால் அறைக்கு வாடகை கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் பியசீலி கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் அவளுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

மற்ற அறைகளில் இருந்தவர்களையும் அதிகாரசபை அன்போடு கவனித்தது. ஆண்டுதோறும் வரும் யோஸ்ட் என்ற ஒல்லாந்துக் கிழவர் காலைச் சாப்பாட்டின்போது தேங்காய்ச் சம்பலில் உப்புக் கொஞ்சம் கூட என்று சொல்லிவிட்டார். சந்திரதாச கரண்டியைக் கீழே வைத்தார். நாட்டின் நற்பெயர் பற்றிய வெளிநாட்டு அபிப்பிராயம் என்று குறிப்பேட்டில் பதிந்தார். பின்னேரம் கொழும்பிலிருந்து ஒருவர் சம்பலின் மாதிரியைப் போத்தலில் எடுத்துப் போனார். நான்கு நாள் கழித்து, உப்பு சரியான அளவில் இருப்பதாகவும், யோஸ்ட் தன் நாக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் பதில் வந்தது. கிழவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே செய்தார். மற்ற இரண்டு அறையில் இருந்தவர்களுக்கு அந்த அளவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.

அறைகள் காலியானதும் அதிகாரசபை ஆராய்ந்தது. விடுதிக்காரர்களின் முகத்தில் போதிய மகிழ்ச்சி இல்லாததே காரணம் என்று கண்டுபிடித்தது. அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் புன்னகைப் பயிற்சி. விடுதிக்காரர், ஆட்டோக்காரர், இளநீர் வெட்டுகிறவர் எல்லோரும் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். சந்திரதாச விசில் ஊதுவார். ஒரு விசிலுக்கு உதடு, இரண்டாவது விசிலுக்குப் பல். மூன்றாவது விசில் வரும்வரை வாயை மூடக்கூடாது. சில நாள் அவருக்குத் தொலைபேசி வந்துவிடும். நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருக்கிறோம். எதிரே ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லை, அலை மட்டும் வந்து வந்து போகும். எனக்கு விடுதியும் இல்லை, ஆட்டோவும் இல்லை. இருந்தாலும் போனேன். போகாதவர்களின் பெயரை எழுதுகிறார்கள் என்று கேள்வி.

தைமாதத்தில் படிவம் வந்தது. எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்று. 'வெளி அச்சுறுத்தல் பற்றிய சுயவிபரத் திரட்டு.' பியசீலி தன்னுடையதை என்னிடம் கொண்டுவந்தாள். முக்கியமான கேள்வி ஏழாவது. 'இப்பருவத்தினுள் வெளிநாட்டிலிருந்து உமது இடத்தை வந்தடையவிருப்பது யாது?' நான் 'இல்லை' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

ஒரு கிழமையில் படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரு குறிப்பு. 'இல்லை என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்.'

இருவரும் கிராம சேவகரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நோனா, இருக்கிறதுக்குத் தான் நான் சர்டிபிகேட் குடுக்கலாம். வீடு இருக்கா, வந்து பார்த்துக் குடுப்பேன். மாடு இருக்கா, குடுப்பேன். இல்லாததை எங்க வந்து பார்க்கிறது? முதல்ல அது என்ட பிரிவுல இல்லையா, அடுத்த பிரிவுல இல்லையா எண்டு எப்பிடித் தெரியும்?"

"அப்ப அந்த ஏழாவது கேள்விய எழுதாம சும்மா விடலாமா மாத்தயா?"

கிராம சேவகர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெறும் கோடு விட்டுடாதீங்க நோனா. வெறுங்கோடு விட்டவங்க வீட்டுக்கு ஜீப் வருது. ஏதாவது எழுதுங்க. எழுதி நிரப்பிட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

இந்த நாட்டில் அரசாங்கத்தோடு பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. பொய்யா மெய்யா என்று யாரும் கேட்பதில்லை. கோடு காலியாக இருக்கக்கூடாது. தபாலகத்தில் முப்பத்தொரு வருடம் நானும் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

"வெளிநாட்டுல இருந்து உன் வீட்டுக்கு என்ன வருது பியா? யோசி," என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. புன்னகைப் பயிற்சியில் ஒரு நாளும் அப்படி மலர்ந்ததில்லை.

"எழுதுங்க போஸ்ட் மாத்தயா, லயனல் வாறாரு எண்டு!"

நானும் சிரித்தேன். எழுதினேன். எட்டாவது கேள்வி, அது எத்தனை காலம் நீடிக்கும்? "இனி இங்க தான், சாகுற வரைக்கும்," என்றாள். எழுதினேன். ஒன்பதாவது, அதைத் தடுக்க முடியுமா? "ஏலாது, டிக்கெட் எடுத்தாச்சு எண்டு போடுங்க." அதையும் போட்டேன். கடவுச்சீட்டு இலக்கம், வரும் நாள், விமானம் எல்லாவற்றையும்கூட அவளே உள்ளே ஓடிப்போய்ப் பார்த்து வந்து சொன்னாள். ஒரு கோடு காலியில்லை. படிவத்தை ஏற்றுக்கொண்டோம் என்று மூன்றே நாளில் கடிதம் வந்துவிட்டது. அவ்வளவு விரைவாக அரசாங்கம் பதில் போட்டு நான் கண்டதில்லை. அப்போதாவது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மாசியில் வளைகுடாப் பக்கம் யுத்தம் மூண்டது.

மூன்று தொலைநோக்கிகளிலும் அது தெரியவில்லை. யோஸ்ட் தன் தொலைபேசியைப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததால்தான் எங்களுக்குத் தெரியும். வானம் மூடிவிட்டார்கள், விமானங்கள் சுற்றிப் போகின்றன, இன்னும் இரண்டு நாளில் கிளம்பாவிட்டால் மாட்டிக்கொள்வேன் என்றார். பியசீலி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பியா, உங்கள் கணவர் அங்கேதானே?" என்று யோஸ்ட் கேட்டார்.

"பேக்கரி வேலையை விட்டுட்டாராம். போன கிழமையே சொன்னாரு. வாற வியாழக்கிழமை வாறாரு." அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பிளேன் பறந்தா."

சந்திரதாச தொலைநோக்கியால் அடிவானத்தை இன்னொரு முறை பார்த்தார். "யுத்தம் எங்கட லிஸ்ட்ல இல்லையே," என்றார். "ஒருத்தரும் படிவத்துல எழுதல்ல."

அன்று பின்னேரமே கொழும்பிலிருந்து அவருக்கு ஏச்சு. நாடு முழுவதும் ஒவ்வொரு பிரிவும் அச்சுறுத்தலைக் கண்டுபிடித்துத் தடுத்து அறிக்கை அனுப்ப வேண்டும், ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்று உத்தரவு. பக்கத்துப் பிரிவில் ஐந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். ஐஸ் கட்டடத்தில் அன்று முழுக்க அலுமாரிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பலகையில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். நான்தான் முதலில் பார்த்தேன். 'ரன்வெல்லப் பிரிவு. அடையாளம் காணப்பட்ட வெளி அச்சுறுத்தல்கள், மொத்தம் ஒன்று.' அதன் கீழே லயனலின் முழுப்பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வந்துசேரும் நாள், விமானம். எல்லாவற்றுக்கும் கீழே, 'ஆதாரம்: மனைவியின் சுயவிபரம்.' என் கையெழுத்தை அப்படியே பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தது. நாசமாய்ப் போக.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று கடற்கரையில் இரண்டு தரம் நடந்தேன். கடைசியில் சொன்னேன். அவள் அழவில்லை, புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். பணிப்பாளர் நாயகம் அன்று ரன்வெல்லவுக்கு வந்திருந்தார், கண்டுபிடிப்பைப் பாராட்ட. அவரைப் பார்க்கப் போனோம். எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வந்தது.

"வாங்க நோனா, வாங்க! உங்களைப் போல ஆக்கள் நாலு பேர் இருந்தா இந்த நாடு எப்பவோ முன்னேறியிருக்கும். சொந்தப் புருஷனையே எழுதிக் குடுத்திருக்கிறீங்க!"

"மாத்தயா, நான் அப்பிடி எழுதல்ல. வெளிநாட்டுல இருந்து என்ன வருதெண்டு கேட்டீங்க. என்ட மனுசன் வாறாரு எண்டு சந்தோசத்துல சொன்னேன். அவ்வளவு தான்."

"சந்தோசம் தான். யார் இல்லை எண்டது?" அமரதுங்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஆனா கணக்கைப் பாருங்க. உங்கட லயனல் வெளியில இருந்தா நாட்டுக்கு டொலர் வருது. உள்ள வந்தா டொலர் நிக்குது, சோறு மட்டும் போகுது. பத்து லட்சம் பேர் வெளியில இருக்கிறாங்க. யுத்தம் எண்டு பயந்து எல்லாரும் வந்திட்டா? மீட்சி என்னாகுறது? குண்டு விழுந்தா ஒரு கட்டடம் தான் போகும் நோனா. ஆக்கள் திரும்பி வந்தா முழு நாடும் போகும்."

"அங்க குண்டு விழுது மாத்தயா."

"அது அவங்கட உள்நாட்டு விஷயம். நாங்க தலையிடுறதில்லை."

பியசீலி தேநீர்க் கோப்பையைத் தொடவில்லை. "பெயரை எடுத்துடுங்க மாத்தயா. கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். "எடுக்க ஏலாது நோனா, மொத்தம் ஒண்டு எண்டு கொழும்புக்குப் போயிட்டு. பூச்சியம் எண்டு திருத்தினா நாங்க வேலை செய்யல்ல எண்டு தானே வரும்?" கொஞ்சம் யோசித்தார். குரல் மிகவும் அன்பாகிவிட்டது. "ஒண்டு செய்யலாம். அந்த ஒண்டு உங்கட ஆளா இருக்கணும் எண்டு இல்ல. வேற ஒரு பெயர் குடுங்க. வெளியில இருந்து வரப்போற யாராவது. இப்பவே மாத்திடுறேன்."

என் மகளின் புருஷன் மஸ்கட்டில் ஏசி திருத்துகிறான். அவனும் கிளம்பி வர டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான். போன ஞாயிறுதான் பியசீலியின் வீட்டு விறாந்தையில் இருந்து அதைச் சொல்லிக் கவலைப்பட்டேன். முழுப்பெயரும் அவளுக்குத் தெரியும். கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டவள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்தப் படிவத்தை எழுதிய கை மடியில் கிடந்தது. 'எழுது பியா, என் மருமகனை எழுது' என்று சொல்லியிருக்கலாம். எழுதாதே என்று கெஞ்சியிருக்கவும் செய்யலாம். ஊர் முழுக்கப் பேசுகிற வாய் இரண்டையும் சொல்லவில்லை.

"இன்னொருத்திட மனுசனை எழுதித் தந்துட்டு நான் எப்பிடி மாத்தயா சோறு தின்னுறது?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

அமரதுங்க வாசல்வரை வந்து வழியனுப்பினார். "உங்கட நேர்மையைப் பாராட்டுறேன்," என்றார்.

வியாழக்கிழமை இருவரும் பஸ்ஸில் விமான நிலையம் போனோம். நான்கரை மணி நேரம். அவள் மடியில் ஒரு சட்டைப் பொதி. அவர் வந்ததும் மாற்றிக்கொள்ள. வழியெல்லாம் ஒரே கேள்வி.

"சொந்த நாட்டு மனுசனை உள்ள விடாம இருக்க ஏலுமா போஸ்ட் மாத்தயா? சட்டம் இருக்கு தானே?"

"இருக்கு. கட்டாயம் இருக்கு," என்றேன். அதில் நான் பொய் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் பயணிகள் வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் லயனல். படத்தில் பார்த்ததைவிடத் தலை நரைத்திருந்தது. கயிற்றால் கட்டிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் எங்களைக் கண்டுவிட்டார். கையைத் தூக்கினார். பியசீலி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். அதற்குள் குடிவரவு மேசைக்காரர் ஒருவர் அவரை மறித்து ஒரு தாளைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். இன்னும் இருவர் வந்தார்கள். பின்னால் பூமாலையோடு அமரதுங்கவும், ஒரு படப்பிடிப்பாளரும்.

கதவு ஒன்று திறந்திருந்ததால் பேச்சு எங்களுக்குக் கேட்டது.

"ஐயா, என்ட நாடு தானே இது?" என்றார் லயனல்.

"அதுல என்ன சந்தேகம் அண்ணே?" என்றார் மேசைக்காரர். "அதனால தான் நாட்டுக்காகக் கேக்குறோம். உங்கட வருகையை ஒத்திவைச்சிருக்கு. இதே பிளேன் ஒரு மணித்தியாலத்துல திரும்புது. சீட் இருக்கு. போறதுக்கு ஒருத்தரும் இல்ல, முழு பிளேனும் உங்களுக்குத் தான்."

"எனக்கு அங்க வேலை இல்ல. பேக்கரி மூடியாச்சு. தங்குற இடத்துக்குப் பக்கத்துல நேத்து ரெண்டு விழுந்திச்சு."

"வேலை தேடுங்க அண்ணே. யுத்த காலத்துல எல்லாரும் பாண் தான் தின்னுவாங்க."

அமரதுங்க மாலையை அவர் கழுத்தில் போட்டார். படப்பிடிப்பாளரின் பக்கம் திரும்பிப் பேசினார். "மக்களே! இவரை யாரும் எதிரி என்று நினைக்கக்கூடாது. இவர் நமது பொருளாதார வீரர். வெளியே இருக்கும்வரை வீரர். உள்ளே வந்தால்தான் அச்சுறுத்தல். நமது வீரர்களை வீரர்களாகவே வைத்திருப்பது இந்த அதிகாரசபையின் கடமை. இன்று ஒரு அச்சுறுத்தலைத் தடுத்தோம். நாளை இன்னும் தடுப்போம். எத்தனை பேர் வந்தாலும்!"

பியசீலி அந்தத் திறந்த கதவை நோக்கி ஓடினாள். காவல்காரப் பெண் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "விடுங்க தங்கச்சி, விடுங்க, பதினொரு வருசம்!" என்று கத்தினாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பிடியை விடவில்லை. லயனல் மாலையோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பெட்டியை மட்டும் எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். பெட்டி நாட்டுக்கு நல்லதாம், உள்ளே பால்மா இருந்தது.

அதன் பிறகு அதிகாரசபை வளர்ந்தது. ரன்வெல்லப் பிரிவுக்கு விருது கிடைத்தது. சந்திரதாசவுக்குப் பதவி உயர்ந்தது, அறை மட்டும் மாறவில்லை. லயனல் இன்னின் மற்ற மூன்று அறைகளும் காலியாகக் கிடந்ததால் அவற்றிலும் உத்தியோகத்தர்கள் வந்து தங்கினார்கள். நான்கு அறையும் நிரம்பிய ஒரே விடுதி என்று அமைச்சுச் சஞ்சிகையில் படம் வந்தது. யுத்தம் பெருத்தது. பெற்றோல் வரிசை சந்திவரை வந்தது. புன்னகைப் பயிற்சியை வரிசையில் நின்றபடியே செய்யலாம் என்று சலுகை தந்தார்கள். என் மருமகன் மஸ்கட்டிலிருந்து வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், காரணம் சொல்லாமல்.

லயனல் மூன்று நாளுக்கு ஒருமுறை பேசுவார். ஒரு கோப்பிக் கடையின் பின்கட்டில் படுக்கிறார், கோதுமை மூட்டை சுமக்கிறார். புதுவருடத்தன்று அடுப்பு மூட்டும் நேரத்துக்குத் தொலைபேசியில் கூடவே இருப்பேன், பால் பொங்குவதைக் கேட்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

சித்திரையில் சுபநேரம் காலை ஒன்பது ஐந்து. பியசீலி என்னையும் கூப்பிட்டிருந்தாள். முற்றத்தில் புதுச் சட்டி, புது அடுப்பு. சந்திரதாசவும் ஆட்களும் குளித்து, பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் சட்டை போட்டு, வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலைதான் ஆண்டறிக்கை வந்திருந்தது. வெளியிலிருந்து ஓர் அச்சுறுத்தலும் நாட்டுக்குள் வரவில்லை என்று அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

ஒன்பது ஐந்துக்கு ஊர் விகாரையின் மணி அடித்தது. ரன்வெல்ல முழுக்கப் பட்டாசு வெடித்தது. அவள் அடுப்பை மூட்டிவிட்டுத் தொலைபேசியைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். எனக்கும் கேட்கும்படி வைத்திருந்தாள்.

"பியா, பால் பொங்கிட்டா?"

"பொறுங்க, பொறுங்க, இப்ப தான் விளிம்புக்கு வருது. என்ன உங்கட பக்கமும் பட்டாசுச் சத்தம்?"

லயனலின் பக்கம் ஒரு கதவு மூடப்படும் சத்தம் கேட்டது. "ஓ. எங்கட பொடியன்மார் கொளுத்துறாங்க."

"அங்க பட்டாசு விட மாட்டாங்க எண்டு தானே சொல்லுவீங்க? பதினொரு வருசமா?"

"இந்த வருசம் விடுறாங்க பியா. நீ சட்டியைப் பாரு. எந்தப் பக்கம் பொங்குது?"

"கிழக்குப் பக்கம்!" என்றாள், பால் வழிந்ததைப் பார்த்து. "கிழக்குப் பக்கம் பொங்கிட்டு, கேக்குதா? நல்ல வருசம். கேக்குதா லயனல்?"

எங்கள் பக்கத்துப் பட்டாசு உச்சத்தில் இருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு ஹலோ, ஹலோ என்றாள். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள், சாப்பிடும் நேரம் தப்பிவிடும் நோனா என்று நினைவூட்டினார்கள். அவள் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாற்சோறு கிண்டினாள், வெட்டினாள், எல்லா இலைக்கும் வைத்தாள். ஹலோ சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. எல்லோரும் பஞ்சாங்கம் சொன்னபடி வடக்கே பார்த்து, நேரத்துக்குச் சாப்பிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் பட்டாசு ஒவ்வொரு வீடாக அடங்கியது. ஊர் நிசப்தமானதும் அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்க ஒருக்காக் கேட்டுப் பாருங்க போஸ்ட் மாத்தயா," என்று தொலைபேசியை நீட்டினாள். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.